முற்பணம் வாங்கிப் போன மச்சாளைத் திருப்பி எடுக்க ஏஜென்டுக்குக் காசு கட்ட வேண்டுமா?

கிரான் சைக்கிள் கடை:

எல்லாருக்கும் வணக்கம். கிரான் பக்கம் சின்னதாக ஒரு சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு வேலை பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

விஷயம் என் பெண்சாதியின் தங்கச்சியைப் பற்றியது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஒரு பெண்பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை என்றால் வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் பேசலாம், உங்களுக்குத் தெரியாததில்லை. மச்சாளின் வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. அதை மேலே ஏற்ற ஒரு குழு லோன் எடுத்தாள், அந்த லோனைக் கட்ட இன்னொரு லோன். கடைசியில் கிழமையில் பாதி நாள் யாராவது ஒரு லோன்காரன் வாசலில் நிற்கிறான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் சீட்டுப் பிடிக்கிற ஓர் அக்கா வந்தார். துபாயில் வேலை, இரண்டே பிள்ளைகள் உள்ள வீடு, உடுப்புத் தோய்க்க மெஷின் இருக்கிறது, கையில் மூன்று லட்சம் முற்பணம். கொழும்பிலிருந்து ஒருவர் வேனில் வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் காசை எண்ணினார். எண்ணி முடித்த கையோடு அந்த அக்கா அதில் இருபத்தையாயிரத்தை உருவி எடுத்துக்கொண்டார், மெடிக்கல் செலவாம். பியூரோவில், அதாவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், பதிய வேண்டாமா என்று கேட்டேன். அதெல்லாம் அங்கே போன பிறகு ஒன்லைனில் செய்யலாம் என்றார்கள். போனது விசிட் விசாவில் என்பதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்துத்தான் மச்சாளே அறிந்திருக்கிறாள்.

துபாயில் கொஞ்ச நாள்கூட வைத்திருக்கவில்லை. வேனில் ஏற்றி அல் ஐன் பக்கத்தால் புரைமிக்குக் கொண்டுபோய் ஓமானில் ஓர் ஒபிஸில் இருத்திவிட்டார்கள். அங்கே சோபாவில் வரிசையாகப் பெண்கள் இருப்பார்களாம், ஆட்கள் வந்து பார்த்து எடுத்துப் போவார்களாம். இப்போது மெடத்தின் வீடு, அவவின் தாய் வீடு, மகன் வீடு என்று மூன்று இடத்திலும் வேலை. சம்பளம் கேட்டால், முதல் மாதங்களின் காசு ஒபிஸுக்குப் போய்விட்டது என்கிறார்கள். பாஸ்போர்ட்டும் ஒபிஸில். போனை மெடம் வாங்கி வைத்துக்கொண்டு ஒருசில இரவுகளில்தான் கொடுக்கிறா. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் குரல் பதிவு அனுப்புகிறாள், பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே அவள் சொல்வதைப் பிரித்து எடுக்கவே பெரும்பாடு.

ஏஜென்ட் இப்போது ஆறு லட்சம் கேட்கிறார். கட்டினால் அனுப்புவார்களாம், கட்டாவிட்டால் ஓடிப்போனவள் என்று அங்கே பொலிஸில் கொடுப்பார்களாம். மாமி காணி உறுதியை ஈடு வைக்கத் தயாராகிவிட்டார். நான் ஓர் இடத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனேன். “விருப்பத்தோடு, காசும் வாங்கிக்கொண்டுதானே போனவ?” என்று கேட்டுவிட்டுப் பேனையை எடுக்கவே இல்லை. காசு வாங்கிப் போனவர்கள் முறைப்பாடு கொடுக்க முடியாதா? ஆறு லட்சத்தைக் கட்டுவதா, விடுவதா?

தேத்தாத்தீவு மாமா:

தம்பி, கோபிக்க வேண்டாம், வெளிப்படையாகச் சொல்கிறேன். எண்ணி வாங்கிய காசு அது. அந்த வீட்டுக்காரனும் ஏஜென்சிக்குக் கொட்டிக் கொடுத்துத்தான் ஆள் எடுத்திருப்பான், அவனுக்கு நட்டம் இல்லையா? என் மகளும் குவைத்தில் ஒப்பந்தம் முடித்து வந்தவள்தான். அழுதாள், பொறுத்தாள், வந்து கிணறும் கட்டி வீட்டுக்கு ஓடும் போட்டாள். வேலை கஷ்டம் என்பதெல்லாம் ஆட்கடத்தல் என்றால் நாளைக்கு ஒருத்தியும் போக முடியாது. ஆறு என்பதை நாலுக்குப் பேசி முடியுங்கள்.

ஏறாவூர் ராத்தா:

மாமா, உங்கட மகள் பியூரோவில் பதிந்து, வேலை விசாவில், சொன்ன நாட்டுக்கே போயிருக்கிறா. சம்பளமும் கிடைத்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இதில் ஒன்றாவது நடந்திருக்கிறதா? கஷ்டமான வேலையையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தம்பி, நான் ரியாத்திலும் இருந்தேன், மஸ்கட்டிலும் இருந்தேன். அந்த சோபா எனக்குத் தெரியும். நான் இருந்த ஒபிஸில் மலைநாட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வீட்டார் நகை விற்றுக் காசு அனுப்பிவிட்டார்கள், அவளும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கபீல், விசா கொடுத்து ஆள் எடுக்கிற வீட்டுக்காரன், வந்தான், அவளை அவனோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலிருந்தும் காசு, புது வீட்டிலிருந்தும் காசு. ஆகவே ஆறு லட்சம் கட்டினால் அவள் வருவாள் என்பதற்கு ஓர் உத்தரவாதமும் இல்லை.

2022 கடைசியில் ஓமானில் எங்கட பெண்களை விற்ற செய்தி அடிபட்டது ஞாபகம் இருக்கும். அதிகமானவர்கள் விசிட் விசாவில் போனவர்கள். மஸ்கட்டில் எங்கட தூதரகத்தில் வேலை செய்த ஓர் அதிகாரியே திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கைதானார். அதற்காகத் தூதரகத்துக்குப் போகாமல் இருக்க வேண்டாம், போகத்தான் வேண்டும். ஆனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுத்துப் பிரதி எடுங்கள்.

மச்சாளிடம் இதைச் சொல்லுங்கள். போன் கையில் கிடைக்கும் இரவில் முதலில் லொகேஷனை அனுப்பட்டும், பேச்சு அப்புறம். கபீலின் பெயர், வீட்டு வாசல் இலக்கம், ஒபிஸ் போர்டு, எது கிடைத்தாலும் படம். அனுப்பியதும் அவளுடைய போனில் அழிக்கட்டும், நீங்கள் அழிக்க வேண்டாம். அப்புறம், ஆத்திரத்தில் வீட்டை விட்டுத் தனியே ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். போகிற இடம் தெரியாமல் வெளியே இறங்கினால் டாக்ஸிக்காரனே இன்னோர் ஒபிஸில் கொண்டுபோய் விற்பான், பார்த்திருக்கிறேன். ஆனால் யாராவது அடிக்கிறார்கள், கை வைக்கிறார்கள் என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், வெளியே வரட்டும், பொலிஸுக்கோ தூதரகத்துக்கோ போகட்டும்.

அவளுடைய பாஸ்போர்ட்டில் வயது சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூதூர் றிசானாவை யாரும் மறக்கவில்லை. 1988 இல் பிறந்த பிள்ளையை 1982 என்று எழுதி 2005 இல் சவூதிக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரியில் அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள், ஊருக்கே தெரியும்.

கல்முனை சட்டக்காரி:

ராத்தா சொன்னதற்குப் பிறகு நடைமுறையில் நான் சேர்க்க அதிகம் இல்லை. சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே உங்களைத் திருப்பி அனுப்பியவர் சொன்னது பிழை.

தண்டனைச் சட்டக்கோவையில் 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தத்தால் வந்த 360இ பிரிவு ஆட்கடத்தலைப் பற்றியது. கையைக் கட்டி இழுத்துப் போனால்தான் குற்றம் என்று அதில் இல்லை. ஏமாற்றி, ஆசைகாட்டி, அல்லது ஒருவருடைய இயலாத நிலையைப் பயன்படுத்தி, கட்டாய வேலைக்காக ஆளைத் திரட்டுவதும் கொண்டுசெல்வதும் பொறுப்பேற்பதும் அதற்குள் வரும். இரண்டு ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை. லோன்காரன் வாசலில் நிற்கும் நேரம் பார்த்துக் காசோடு வருவதை இயலாத நிலையைப் பயன்படுத்துவது என்றுதான் நான் வாதாடுவேன். ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000 ஆம் ஆண்டுப் பலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015 இல் ஏற்றுக்கொண்டது. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் கணக்கில் எடுக்கப்படாது என்று அது நேராகவே சொல்கிறது. ஆக, “விருப்பத்தோடு போனவ” என்பது பதில் ஆகாது.

முற்பணத்தைப் பற்றி மாமாவுக்கு ஒரு வார்த்தை. அது ஆள் பிடிக்க ஏஜென்சி போட்ட முதல். அதைக் காட்டி ஒருத்தியைப் போகவிடாமல் வைத்திருப்பதற்குக் கடன் கொத்தடிமை என்று பெயர். சர்வதேச தொழில் அமைப்பு கட்டாய வேலையை அடையாளம் காணப் பதினொரு அறிகுறிகளைச் சொல்கிறது. ஏமாற்று, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை மறித்தல், கடனால் கட்டுதல், மிரட்டல், தனிமைப்படுத்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தத் தம்பி எழுதியதில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே அமைப்பின் கணக்குப்படி 2021 இல் உலகத்தில் 2.76 கோடிப் பேர் கட்டாய வேலையில் இருந்தார்கள். அவர்களில் சங்கிலியால் கட்டப்பட்டவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. பியூரோவின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டைப் பதியுங்கள், பதியாமல் போனவள் என்று தயங்க வேண்டாம். உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிக் குற்றம், கொழும்பு ஆளுக்கு உரிமம் உண்டா என்று அங்கேயே கேட்கலாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கு என்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் சந்தியுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் ஆட்கடத்தலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, அங்கே எழுத்தில் போக வேண்டும். மறுபடியும் யாராவது முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. ஆறு லட்சம் கேட்ட அழைப்பையும் மெசேஜையும் பத்திரப்படுத்துங்கள், வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. ஏஜென்ட் கூப்பிட்டால் சண்டை பிடிக்காமல் “காசு தேடுகிறோம்” என்று சொல்லிப் பேசவிடுங்கள்.

அக்கரைப்பற்று பொடியன்:

இது பெண்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை என்பதற்காக எழுதுகிறேன். என்னோடு ஐ.டி. படித்த கூட்டாளிக்கு டெலிகிராமில் வேலை வந்தது. பாங்கொக்கில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் இலவசம். இன்டர்வியூவில் ஒரேயொரு விஷயத்தைத்தான் பார்த்தார்கள், இங்கிலீஷில் எவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறான் என்று. பாங்கொக்கிலிருந்து இரவோடு இரவாக மே சொட், பிறகு ஆற்றைக் கடந்து மியன்மாரின் மியாவடி. அங்கே பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து வெளிநாட்டுக் கிழவர்களிடம் காதல் பேசிக் காசு கறக்கிற வேலை. மாட்டேன் என்றதும் கரண்ட் வைத்திருக்கிறார்கள். போக வேண்டும் என்றால் “உனக்குச் செலவழித்த டொலரை வை” என்றார்களாம். ராத்தாவின் ஒபிஸும் இதே கணக்குத்தானே பேசுகிறது! மியன்மாரில் மட்டும் குறைந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் இப்படி இருக்கலாம் என்று 2023 இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது.

அவன் வந்துவிட்டான். ஆனால் ஊரில் “ஒன்லைன் கள்ளன்” என்கிறார்கள், கடைத்தெருவுக்கே வருவதில்லை.

தேத்தாத்தீவு மாமா:

விசிட் விசா விஷயத்தை நான் கவனிக்கவில்லை. என் மகளை அனுப்பும்போது பியூரோ பதிவுக்காக அலைந்தது எனக்குத்தான் தெரியும். சரி, காசு கட்ட வேண்டாம். ஆனால் முற்பணம் வாங்குகிற சனத்துக்கும் புத்தி வேண்டும், அதில் நான் மாறவில்லை.

கிரான் சைக்கிள் கடை:

எல்லாருக்கும் நன்றி. 1989 இல் பதிந்து இலக்கம் எடுத்துவிட்டேன். லொகேஷனும் நேற்று இரவு வந்துவிட்டது, ராத்தா சொன்னபடியே பேச்சுக்கு முன்னால் அனுப்பியிருக்கிறாள். மாமியிடமிருந்து உறுதியை வாங்கி என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மாமா, லோன்காரன் வாசலில் நிற்கும்போது எந்தப் புத்தி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டிலிருந்த ஆம்பிளை நான், என் கையிலும் அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்னும் ஒன்று. சீட்டுப் பிடிக்கிற அக்கா இன்று கடைக்கு வந்து, பெயரைச் சொன்னால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழியில் என்ன நடக்கும் என்று தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். இதையும் எழுதிக் கொடுக்கலாமா?

கல்முனை சட்டக்காரி:

கட்டாயம். சாட்சியை மிரட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தில் தனிக் குற்றம், பாதுகாப்பும் கேட்கலாம். அவர் வந்த நேரம், சொன்ன வார்த்தை, அப்போது கடையில் நின்றவர் பெயர் மூன்றையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். நாளை காலை அந்தத் தாளோடு கல்முனைக்கு வாருங்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு. காசு எண்ணியதை அவரும் பார்த்தவர்தான்.