மறுமொழி: மன்றோ – ஆள், மலை, ஊர் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அதை என்னவென்று சொல்வது?

> பேராசிரியர் ஐயா எழுதியது:
> இதற்குப் புதுச்சொல் எதற்கு? ஆகுபெயர் இருக்கிறதே. ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்பது கருத்தாவாகுபெயர் என்றால் ‘மன்றோ ஏறினேன்’ என்பதும் அதுதான்.

ஐயா, வணக்கம். ஓர் ஆளின் அல்லது இடத்தின் பெயர் இன்னொன்றுக்கு வரும்போது அதைக் குறிக்க நம் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு சொல் தேடுகிறோம். ஆகுபெயர் அதற்குப் போதாது என்பது என் எண்ணம்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயர்ந்த மலைகளைத் தொகுத்து சர் ஹியூ மன்றோ 1891இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்று அதில் 282 மலைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் ‘மன்றோ’ என்றே பெயர். மலையேறுகிறவர்கள் ‘இந்த வாரம் இரண்டு மன்றோ’ என்று கணக்குச் சொல்வார்கள். ஹியூ அந்த மலைகளை ஆக்கியவர் அல்லர், எண்ணியவர்தான். ஆகவே கருத்தா என்பது இடிக்கிறது. (எண்ணியவர் ஏறி முடித்தாரா என்றால் அதுவும் இல்லை. பட்டியலை முடிக்காமலே 1919இல் இறந்துபோனார். முதலில் முடித்தவர் என்ற பெயர் 1901இல் ஒரு பாதிரியாருக்குப் போயிற்று.)

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆகுபெயரில் முதற்பொருள் கேட்பவர் மனத்தில் இருந்தாக வேண்டும். வள்ளுவர் யாரென்று அறியாதவருக்கு ‘வள்ளுவரைப் படித்தேன்’ விளங்காது. ஹியூ யாரென்று தெரியாமலே 282 மன்றோவையும் ஏறி முடிக்கிறவர் உண்டு. அவருக்கு அது வெறும் மலைவகையின் பெயர்.

நமக்கு வேண்டிய சொல் வேறு. கலைக்களஞ்சியத்தில் ‘மன்றோ’ என்று ஒரு தலைப்பு வைத்து, கீழே அந்தப் பெயருள்ள ஆட்களையும் இடங்களையும் அடுக்கப் போகிறோம். ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக்கூட்டும் பெயர் தமிழில் ஒன்றாகிவிடுவதால் நம் பட்டியல் அவர்களுடையதைவிட நீளும். எது எதற்குப் பெயர் கொடுத்தது என்று காட்டாமல் வெறுமனே அடுக்கினால் அது தொலைபேசிக் கையேடு மாதிரி ஆகிவிடும்.

> தொராண்டோவிலிருந்து அக்கா எழுதியது:
> பெயர் கொடுத்தவரை ‘பெயர் மூலவர்’ என்போமே?

அக்கா, மூலவர் என்றதும் இங்கே எல்லாருக்கும் கருவறைதான் நினைவுக்கு வரும். அப்புறம் மலையை உற்சவர் என்பதா? தவிரவும், மூலவர் என்றால் ஆள் மட்டும்தான். இந்தப் பெயரின் தொடக்கத்தில் இருப்பதோ ஓர் ஆறு. அயர்லாந்தின் வடக்கே டெரி பக்கம் ஓடும் ரோ ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள் என்பதால் மன்றோ என்று குலமரபு சொல்கிறது. வந்தவர்கள் ஸ்காட்லாந்தின் கிழக்கு ராஸ் பகுதியில் ஃபௌலிஸ் கோட்டையைச் சுற்றிக் குடியேறினார்கள். அந்த நிலத்துக்கு ஃபெரின்டொனால்ட் என்று பெயர். கேலிக் மொழியில் டொனால்டின் நிலம் என்று பொருள். குலத்தின் முதல்வன் டொனால்ட் என்பது அவர்கள் மரபு. ஆற்றிலிருந்து ஆளுக்கு ஒரு பெயர், ஆளிலிருந்து நிலத்துக்கு இன்னொரு பெயர், இரண்டும் ஒரே குலத்தில்.

ஆக நமக்குத் திசை காட்டும் சொல் வேண்டும். நம்மிடமே ஒரு முறை இருக்கிறது. நூல்களை முதல், வழி, சார்பு என்று நன்னூல் மூன்றாகப் பகுக்கிறதே, அதைப் பெயருக்கும் எடுத்துக்கொண்டால் என்ன? மூலமாக நிற்பது முதற்பெயர். அதை அப்படியே ஏற்பது வழிப்பெயர். ஏற்றுத் திரிப்பது சார்புப்பெயர்.

போட்டுப் பார்க்கிறேன். ஹியூவின் மலைகள் வழிப்பெயர். கொல்லத்தில் அட்டமுடிக் காயலோடு கல்லடை ஆறு சேரும் இடத்தில் மன்றோத்துருத்து என்ற தீவு இருக்கிறது. திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் (ஆங்கிலேயரின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் அது, ஆகவே வழிப்பெயர். லைபீரியாவின் தலைநகர் மன்றோவியா சார்புப்பெயர். 1822இல் கிறிஸ்டோபோலிஸ் என்று தொடங்கிய குடியிருப்புக்கு, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜேம்ஸ் மன்றோவின் பெயரை 1824இல் வாலொட்டி வைத்தார்கள். அந்த அதிபரின் முன்னோரும் ஸ்காட்லாந்திலிருந்து போனவர்தான்.

இதைச் சென்னைத் தீவுத்திடல் மன்றோ சிலையோடு குழப்ப வேண்டாம். அது ஆளுநர் தாமஸ் மன்றோவினது சிலை, வெறும் வேற்றுமைத்தொகை. சிலையின் குதிரைக்கு அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லை என்ற பேச்சை இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், விட மனம் வரவில்லை. 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த சர் ஹெக்டர் மன்றோ, மறு ஆண்டு தன் ஊருக்கு மேலே ஃபைரிஷ் மலையுச்சியில் நாகப்பட்டினத்து வாசல் என்று சொல்லி ஒரு கட்டடம் எழுப்பினார். வேலையில்லாத ஊராருக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியதாகச் சொல்வார்கள். நாகையில் மன்றோ பெயர் எதற்கும் ஒட்டவில்லை. அங்கே ஸ்காட்லாந்து மலையில் நாகை வாசல் நிற்கிறது. பெயர் பயணப்படாமல் உருவம் பயணப்பட்டதற்கு நம் சொல் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

*

> முதற்பெயர், வழிப்பெயர், சார்புப்பெயர்

தம்பி, நூல்வகையைக் கொண்டுவந்தது நன்றாக இருக்கிறது. ஆகுபெயரை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆகுபெயர் தொன்றுதொட்டு வழங்குவதாக இருக்க வேண்டும், ‘தொன்முறை உரைப்பன’ என்று நன்னூல் போட்ட வேலி இருக்கிறது, 1891 அவ்வளவு தொன்மை இல்லை.

ஆனால் ‘முதற்பெயர்’ நடக்காது. வங்கியிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் கொடுக்கிற படிவத்தைப் பாருங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். அங்கே அதற்குப் பொருள் வேறாக நிலைத்துவிட்டது. குடும்பப்பெயரைப் பற்றிய கட்டுரையிலேயே இந்தக் குழப்பத்தை வைத்தால் படிக்கிறவர் தலையில் அடித்துக்கொள்வார். சொல்லைத் திருப்பிப் போட்டு ‘பெயர்முதல்’ என்று வையுங்கள். ஆறு, ஆள், ஊர் எதுவானாலும் பொருந்தும்.

சார்புப்பெயரைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். சார்புநூல் என்பது முதல், வழி இரண்டுக்கும் ஒருபுடை ஒத்து மற்றபடி வேறுபடுவது. மன்றோவியா அவ்வளவு தூரம் போகவில்லை. வால் ஒட்டியது விகுதி, அவ்வளவே. அதுவும் வழிப்பெயரே.

*

மருத்துவர் ஒருத்தி குறுக்கிடலாமா? உடம்புக்குள்ளும் ஒரு மன்றோ இடம் இருக்கிறது. மூளையின் பக்க அறைகளை மூன்றாம் அறையோடு இணைக்கும் வழிக்கு மன்றோ துளை என்று பெயர். எடின்பரோவில் 1720 முதல் 1846 வரை உடற்கூற்றியல் பேராசிரியர் நாற்காலியில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று அலெக்சாண்டர் மன்றோக்கள் தொடர்ந்து உட்கார்ந்தார்கள். துளைக்குப் பெயர் தந்தவர் இரண்டாமவர்.

ஆனால் எங்கள் துறையின் பன்னாட்டுச் சொற்பட்டியல் ஆட்பெயர்களை ஒதுக்கிவிட்டது. அறையிடைத் துளை என்பதே முறையான பெயர். வகுப்பில் மட்டும் மன்றோ இன்னும் ஓடுகிறது. ஆகவே ‘வழக்கொழிந்த வழிப்பெயர்’ என்று குறிக்கவும் இடம் விடுங்கள்.

பிறப்பால் வராத மன்றோக்களை என்ன செய்வது? 2013இல் இலக்கிய நோபல் பெற்ற எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ பிறப்பால் லெய்ட்லா, மன்றோ மணவழி வந்தது. நடிகை மர்லின் மன்றோவுக்கு அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் திரைக்காக வந்தது.

*

மருத்துவர் அம்மா, நீங்களே சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள். ‘மணவழி’ என்றீர்களே, அதே பாணியில் எல்லாவற்றுக்கும் முன்னொட்டு வைத்துவிடலாம். ஆற்றுவழி ஆட்பெயர், ஆள்வழி ஊர்ப்பெயர், ஆள்வழி மலைப்பெயர், மணவழிப் பெயர், தாய்வழிப் பெயர். ‘வழி’ ஒன்றே போதும், அகராதி பார்க்காமலே விளங்கும். பேராசிரியர் ஐயா சொன்னபடி சார்பை விட்டுவிடுகிறேன்.

பதிவேட்டில் இப்படி ஏற்றுகிறேன், மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதவும்:

பெயர்முதல் – இன்னொன்றுக்குப் பெயர் தந்த ஆள், இடம் அல்லது பொருள்.
வழிப்பெயர் – பெயர்முதலிலிருந்து வந்து நிலைத்த பெயர். வந்த வழி முன்னால் ஒட்டும்.

அக்கா கேட்டிருந்த எழுத்துக்கூட்டல்: மன்ரோ வேண்டாம், மன்றோதான். னகர மெய்யை அடுத்து ரகரம் வருவது தமிழில் இல்லை. அடுத்த தலைப்பு கார்டன். அதில் ஆட்கள் இன்னும் அதிகம், தனி இழை தொடங்குகிறேன்.