குடியை நிறுத்த விரும்பும் என் மைத்துனருக்குத் தமிழில் ஆலோசனை தேவை
குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் எங்களுடன் வசிக்கும் என் மைத்துனர் நெடுங்காலமாக நாள்தோறும் சாராயம் அருந்துபவர். அதை முற்றாக விட வேண்டும் என்று இப்போது அவரே கேட்டிருப்பதால், அந்த மனநிலை மாறுவதற்கு முன் உங்கள் உதவியை நாடுகிறேன்.

வீட்டிலேயே வைத்து உடனே நிறுத்திவிடலாம் என்று உறவினர் சிலர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். ஆயினும் நீண்டகாலம் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தும்போது, சில மணித்தியாலங்களில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்துக் கடுமையான மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பின்றி அதற்கு நான் உடன்பட மாட்டேன். அவர் இடையிடையே நித்திரைக் குளிசையும் எடுக்கிறார். மதுசாரத்துடன் சேர்ந்தால் அது சுவாசத்தை ஒடுக்கிவிடும் என்பதே என் பெரிய அச்சம்.

ஐஸ், ஹெரோயின் போன்ற போதைப்பொருட்கள் பற்றி நாம் கவலைப்படுவது நியாயமே. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2019 இல் உலகெங்கும் ஏனைய போதைப்பொருட்களால் சுமார் 6 இலட்சம் பேரும், மதுசாரத்தால் சுமார் 26 இலட்சம் பேரும் உயிரிழந்துள்ளனர்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தை அறிவேன். மைத்துனருக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். மனத்துயரைச் சொல்ல அது போதாது. கொழும்பில் தமிழில் உரையாடும் மனநல மருத்துவரையோ, உளவள ஆலோசகரையோ, குடும்பத்தினரையும் அழைத்துப் பேசும் நிலையத்தையோ நேரடியாக அறிந்தவர்கள், நோயாளரின் பெயரைக் குறிப்பிடாமல் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.