சிங்கப்பூரில் 7,500 வெள்ளிக்கு நாலு பேர் குடும்பம் ஓடுமா?

வணக்கம். கோவையில் ஐடி வேலை, சொந்த வீடு. சிங்கப்பூரில் ஒரு கம்பெனி மாதம் 7,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்துக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது, எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில். ஆபீஸ் சாங்கி பிசினஸ் பார்க். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கணக்கு மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

ஊர்களின் செலவை ஒப்பிடும் நும்பியோ தளத்தில் இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் வருவது சராசரி. கோவையில் எனக்கு வாடகையே கிடையாதே! சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால் எல்லோரும் தனிக்கட்டைகள், ரூம் ஷேரிங். ஒருவர் தேக்கா சந்தையில் வாங்கிய மளிகை பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். முருங்கைக்காய், சின்ன வெங்காயம் விலையைப் பார்த்ததும் மனைவி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தெரிந்தவரை: குடும்பத்தைக் கூட்டிப்போகும் டிபெண்டன்ட் பாஸுக்கான 6,000 வெள்ளி சம்பள வரம்பைத் தாண்டிவிட்டேன். சிபிஎஃப் (அங்குள்ள பிஎஃப் மாதிரி) பிடித்தம் இல்லை. வரியை மாதாமாதம் பிடிக்காமல் அடுத்த வருடம் பில் அனுப்புவார்கள், அதற்குத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். கார் ஆசையே இல்லை, கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ உரிமச் சான்று யானை விலை.

இடிப்பது பிள்ளைகள் செலவுதான். மகளுக்கு 8 வயது, அரசுப் பள்ளிக்கு ஏஇஐஎஸ் என்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான சேர்க்கைத் தேர்வு எழுதணும், இடமும் உறுதியில்லை. மகனுக்கு 3 வயது. மனைவி உடனே வேலைக்குப் போக முடியாது.

தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு வாடகை, பள்ளி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இப்போது மாதம் எவ்வளவு ஆகிறது?