மெஷினிமாவுக்கு ‘விசைக்கூத்து’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டுக்குள்ளேயே பாத்திரங்களை நடிக்கவைத்துப் பதிந்து எடுக்கும் படம்தான் மெஷினிமா. அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘விசைக்கூத்து’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இங்கே வந்த இரண்டு கருத்துகளை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

> மெஷினும் சினிமாவும் சேர்ந்ததுதானே மெஷினிமா? ‘இயந்திரப்படம்’ போதும்.

போதாது என்று நினைக்கிறேன். இயந்திரப்படம் என்றால் பம்புசெட்டின் பாகங்களை வரைந்த படம்தான் கண்முன் வரும். 1996-லேயே க்வேக் என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள் ஆட்டத்துக்குள் கதை நடித்துப் பதிந்தார்கள். அந்த நடிப்பு இந்தச் சொல்லில் இல்லை.

பாலக்கோட்டில் ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகளுக்கு, நடுகல் பற்றி நான்கு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்தவள், கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஓர் ஊரையே கட்டி, அதில் படமும் எடுத்துவிட்டாள். நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் ஆறும் படத்தின் ஆறு பகுதிகள். அவற்றுக்கு முன்னால் ஆநிரை கவர்தல். மாடுகளை எப்படி ஓட்டினாய் என்று கேட்டேன். தம்பியின் பாத்திரத்திடம் கோதுமையைக் கொடுத்து, திரையில் படாத பக்கமாக நடக்கவிட்டாளாம். அந்த ஆட்டத்தில் கோதுமை வைத்திருப்பவர் பின்னால் மாடு போகும். முதல் பதிவில், உயிரைக் காட்டும் சிவப்பு இதயங்கள் திரையின் அடியில் தெரிந்தன. வீரன் செத்துக் கிடக்கும்போது அது கண்ணை உறுத்தியது. அந்த மாதிரிக் குறிகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

இது அசைவூட்டம் (அனிமேஷன்) இல்லை. எல்லாம் அந்தந்த நொடியில் நடக்கிறது. ஒரு மாடு விலகிப்போனால் திரும்ப முதலிலிருந்து. மறைவில் இருந்து ஒருவர் ஆட்டுவிக்க, திரையில் பாவை நடிக்கிறது. தோற்பாவைக்கூத்தும் அதுதானே? அங்கே கோல், இங்கே விசைப்பலகை. அதனால்தான் ‘விசைக்கூத்து’ என்கிறேன்.

> கைபேசியில் ஆடுபவருக்கு விசையே கிடையாதே?

விசைத்தறியை நினைத்துப் பாருங்கள். அங்கே விசை என்பது தட்டும் பொத்தான் இல்லை, இயந்திரத்தின் ஆற்றல். மெஷினிமாவில் இருக்கும் மெஷினும் அப்படியே இதற்குள் வந்துவிடுகிறது.

வெறுமனே ஆடி வென்றதைப் பதிவதற்கு ‘ஆட்டப்பதிவு’ இருக்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம். வினைக்கும் அலைய வேண்டியதில்லை. கூத்து கட்டுவது என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். ‘நடுகல்லை வைத்து விசைக்கூத்து கட்டினாள்’ என்று எழுதினால் காதுக்கு இயல்பாகவே இருக்கிறது.

இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை அவள் தலைப்பு அட்டையைத் திருத்தப்போகிறாள். அதற்குள் முடிவானால் அதிலேயே போட்டுவிடலாம்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து