25 பி.பி.எம்.லேயே வேர் நின்னுபோகுது: துகளா, சாறா?

செவ்வந்தி:
எம்.எஸ்சி தாவரவியல், ரெண்டாம் வருஷம். வேப்பிலைச் சாற்றில் சில்வர் நைட்ரேட் ஊற்றி வெள்ளி நானோ துகள் செய்தேன். ஒரு மணி நேரத்தில் டிக்காஷன் நிறம் வந்துவிட்டது, ஒளி உறிஞ்சலில் 430 நானோமீட்டரில் உச்சம், துகள் உருவானதற்கு அடையாளம். அதுவரை சந்தோஷம்தான். வெங்காய வேர்நுனியில் சோதித்தால், 25 பி.பி.எம்.லேயே (லிட்டருக்கு 25 மில்லிகிராம்) மைட்டாடிக் இண்டெக்ஸ், அதாவது நூறு செல்லில் பிரிந்துகொண்டிருப்பவை, 11. வேலூர் வி.ஐ.டி.யின் 2009 கட்டுரையில் 60.3-லிருந்து 27.62-க்கு இறங்கினதே 100 பி.பி.எம்.மில்தான். கைடு "சூப்பர், எழுதிடு" என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கரிசல்காடு:
ஊற்றுவதற்கு முன் சோனிகேட் செய்தீர்களா, அதாவது ஒலியலையால் துகளைக் கலைத்துவிட்டீர்களா? அடியில் படிந்திருந்தால் 25 என்பதே பொய்க்கணக்கு.

பழைய லேப் ஆள்:
பாப்பா, துகளைக் கழுவினியா? அதைச் சொல்லவே இல்லையே. உன் டம்ளர்ல மூணு பேர் இருக்காங்க: துகள், மாறாம மிஞ்சின சில்வர் நைட்ரேட், வேப்பிலைச் சாறு. அந்த நைட்ரேட்டுல இருந்து வர்ற வெள்ளி அயனி ஒண்ணே வேரைக் கொல்லப் போதும். வேப்பிலையும் லேசுப்பட்டதில்ல. நான் வேலை பார்த்த காலத்துல சாறு மட்டும் வச்ச டம்ளர்ல வேர்நுனி பழுப்பேறி மொட்டையா நின்னதை இந்தக் கண்ணால பார்த்திருக்கேன்.

சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மேல நிக்குற தெளிநீரைக் கொட்டிடாத. அதுலயும் ஒரு வெங்காயம் வை. இன்னொண்ணு சாறு மட்டும், இன்னொண்ணு அதே அளவு வெள்ளி வர்ற மாதிரி சில்வர் நைட்ரேட், கடைசியா காய்ச்சி வடிச்ச தண்ணி. குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம், அதுல இருக்குற குளோரைடு வெள்ளியைப் பிடிச்சு அடியில உட்கார வச்சிடும். வெங்காயத்தோட அடித்தட்டைச் சுரண்டும்போது வேர் கிளம்புற வளையத்துல பிளேடு படக்கூடாது. 1938-ல லெவான்ங்கிற விஞ்ஞானி, செல் பிரிவை நிறுத்துற கால்ச்சிசினைச் சோதிச்சதும் இதே வெங்காயத்துலதான். 16 குரோமோசோம், நல்லா பெருசு, ஏமாத்தாது. நாமதான் ஏமாத்திக்குவோம்.

மண்வாசி:
ஒரு சேர்க்கை. இண்டெக்ஸ் குறைந்தால் செல் பிரிவு தடைபட்டது என்று மட்டும்தான் சொல்லலாம். மரபுச் சேதம் என்று எழுத குரோமோசோம் பாலம், உடைந்த துண்டு, மைக்ரோநியூக்ளியஸ் (தனியே நிற்கும் குட்டி உட்கரு) எல்லாவற்றையும் தனியாக எண்ணிக் காட்ட வேண்டும். "வயலில் பயிர் பாதிக்கும்" என்றும் முடித்துவிடாதீர்கள். சாக்கடையில் போகும் வெள்ளியில் பெரும்பகுதி சுத்திகரிப்பு நிலையத்திலேயே சல்பைடாகிவிடுகிறது. அது தண்ணீரில் கரைவதே அரிது. கசடை உரமாகப் போட்ட மண்ணில் வேர் சந்திப்பது அதைத்தான், உங்கள் டம்ளரில் இருப்பதை அல்ல.

செவ்வந்தி:
கழுவவில்லை சார். இப்போது கழுவி, அஞ்சு டம்ளரும் வைத்தேன். 48 மணி நேரத்தில் தண்ணீரில் வேர் இரண்டரை சென்டிமீட்டர், சாறு மட்டும் வைத்ததில் அரை சென்டிமீட்டர். தெளிநீரிலும் அதே கதி. கழுவின துகள் 25-ல் ரெண்டேகால்! செல்லை எண்ண ஸ்லைடு வெள்ளிக்கிழமை போடுகிறேன். கைடிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.