‘ரெஃபரன்ஸ்’ என்பது செல்போனின் பெயர் என்று நினைத்த குழந்தை

மதுரையிலிருந்து ஓர் ஓவியர்:

சிறுவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைவது என் தொழில். பார்த்து வரைவதற்காகத் தேடும் ஒளிப்படங்களை நாங்கள் ‘ரெஃபரன்ஸ்’ என்போம். கூடத்தின் ஓர் ஓரத்தில் மேசை போட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு மாலை நேரத்தில் என் மாமியாரிடம் போய், "அப்பத்தா, அந்த ரெஃபரன்ஸை எடுத்துக் குடுங்க" என்று கேட்டாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை கையை நீட்டி, அலமாரியின் மேல் தட்டில் இருந்த என் செல்போனைக் காட்டினாள். அவள் என்னைக் கூப்பிட்ட போதெல்லாம், "இரு கண்ணு, அம்மா ரெஃபரன்ஸ் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கருவியின் பெயரே அதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செல்போனிலேயே இருக்கும் திரைநேரக் கணக்கை அன்றுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். அன்றைக்கு 5 மணி நேரம் 40 நிமிடம் என்று காட்டியது. அதில் படம் வரைவதற்காக ஒளிப்படங்களைத் தேடிய நேரம் 38 நிமிடம். நான் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மை. செல்போனைக் கையில் எடுத்த ஒவ்வொரு முறையும் வேலைக்காகத்தான் எடுத்தேன். ஒரு கதைக்குச் செம்போத்து வரைய வேண்டியிருந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். வால் எவ்வளவு நீளம் என்று பார்க்கத் தொடங்கி, அந்தப் பறவையை வரைந்திருந்த இன்னொரு ஓவியரின் பக்கத்துக்குப் போய், அவருடைய வண்ணத்தையும் என் வண்ணத்தையும் ஒப்பிட்டு மனம் சோர்ந்து, என் பழைய படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. வாலின் நீளம் மட்டும் நினைவில் இல்லை.

விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகும் பக்கத்தை 2006ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்திப் பேசியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் படம் வரைந்து கொடுக்கும் சிறுவர் இதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. பின்னட்டை வந்ததும் குழந்தை அதைக் கீழே வைத்துவிடும். சுவர்க் கடிகாரம் மணியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். செல்போனில் மணி பார்த்தால், மணி தெரிந்த பிறகும் அது நம்மை விடுவதில்லை.

நான் முதலில் செய்த முயற்சிகள் தோற்றன. சமூக ஊடகச் செயலிகளை நீக்கினேன். பதிப்பாசிரியர் ஒருவர் திருத்தங்களை அங்கேதான் அனுப்புவார் என்பதால் ஒன்பதாவது நாளில் திரும்பப் போட்டேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அது மற்றவர்களுக்கு உதவக்கூடும், ஆனால் வண்ணம் சரிபார்க்க வேண்டிய எனக்கு ஒரு நாளில் பத்து முறை மாற்ற வேண்டி வந்ததால் கைவிட்டேன். அதன் பிறகுதான் செல்போன் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக அதனிடமிருந்து பிரித்தெடுக்கத் தொடங்கினேன். காலையில் எழுப்புவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன். பாட்டுக் கேட்கச் சிறிய வானொலிப் பெட்டி. மளிகைக் கணக்குக்குச் சமையலறையில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனாவுடன். நாளொன்றுக்குத் தேவைப்படும் ஒளிப்படங்களைக் காலையில் ஒரே தடவையில் தேடி, தெருமுனைக் கடையில் அச்செடுத்து, மேசைக்கு மேல் கிளிப் போட்டு மாட்டிவிடுவேன். ஒரு தாளுக்கு ஆகும் செலவு எனக்கு முதலில் உறுத்தியது. ஆனால் காசு கொடுத்து அச்செடுக்க வேண்டும் என்றால் நாற்பது படங்களைத் தேட மாட்டோம், மூன்றோடு நிறுத்திக்கொள்வோம் என்பதை அந்தச் செலவுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

செம்போத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஊருக்கு வெளியே உள்ள ஒரு கண்மாய்க் கரைக்கு, ஞாயிறு காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு போனோம். கருவேலம் புதருக்குள்ளிருந்து அடித்தொண்டையில் "ஊப், ஊப்" என்று குரல் கேட்டது. வெகு நேரம் அசையாமல் நின்றோம். பறவை வெளியே வந்து நடந்தது. இணையத்தில் நான் பார்த்த ஒளிப்படங்கள் எல்லாவற்றிலும் செம்போத்து கிளையில் அமர்ந்தே இருந்தது. அது தரையில் இவ்வளவு நடக்கும் பறவை என்பதே எனக்குத் தெரியாது. செங்காவி நிறச் சிறகை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, நீண்ட கறுத்த வாலைத் தரையில் படாமல் தூக்கி, புல்லை விலக்கி விலக்கி நடந்தது. "அது பாவாடையத் தூக்கிக்கிட்டு நடக்குதும்மா" என்றாள் மகள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அந்தப் படத்தை முழுவதும் மாற்றி வரைந்தேன்.

திருப்பூரிலிருந்து ஒரு சிறுகதை எழுத்தாளர்:

சகோதரி எழுதியிருப்பதைப் படித்ததும் என் வீட்டுக் கதையையும் சொல்லத் தோன்றியது. பகலில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் கதை எழுதுகிறேன். என் மகன் முதல் வகுப்பில் சேர்ந்த ஆண்டு 2020. பள்ளிகள் மூடப்பட்டிருந்தன, 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பறை திறந்தது. எழுதப் பழகும் வயதில் அவன் கண்ட பள்ளிக்கூடம் என் செல்போன். வகுப்பு முடிந்தும் அது அவன் கையில் இருந்தது. நான் வேலையிலிருந்து வந்ததும் அவனிடமிருந்து வாங்கி, நான் பார்க்கத் தொடங்குவேன். ஒரே கருவியில் ஷிப்ட் மாறும் இரண்டு தொழிலாளிகள் போல.

கதை வெளியான நாட்களில் என் நிலைமை மோசமாக இருக்கும். ஃபேஸ்புக்கில் விருப்பப் பொத்தான் வந்தது 2009ஆம் ஆண்டில். அதற்கு முன்பே எழுத வந்தவன் நான். அப்போதெல்லாம் இதழில் கதை வந்தால், பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வரும். சில சமயம் அதுவும் வராது. அதற்குள் அடுத்த கதைக்குள் போயிருப்பேன். இப்போது கதையை இட்ட பத்தாவது நிமிடத்தில் பார்ப்பேன், இருபதாவது நிமிடத்தில் பார்ப்பேன். பாராட்டு எப்போது வரும் என்று தெரியாததனாலேயே மறுபடி மறுபடி பார்க்கத் தூண்டுகிறது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாதான் தானியம் நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது என்று படித்திருக்கிறேன். கதை வெளியான வாரங்களில் நான் ஒரு வரிகூடப் புதிதாக எழுதியதில்லை. இது எனக்கு மிகுந்த வேதனை தந்த இழப்பு.

மகாராஷ்டிரத்தில் சாங்கிலி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற ஊரில் 2022இல் மாலை 7 மணிக்குச் சங்கு (சைரன்) ஊதத் தொடங்கினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஊரே தொலைக்காட்சியையும் செல்போனையும் அணைத்து வைத்தது. அந்தச் செய்தியை என் மனைவிதான் வாசித்துக் காட்டினார். ஊருக்குச் சங்கு ஊத நம்மால் முடியாது, வீட்டுக்கு ஊதலாம் என்றார். எங்கள் வீட்டில் முன்பு தரைவழித் தொலைபேசி இருந்த மர ஸ்டாண்டு பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, வாசல் அறையில் பழைய இடத்திலேயே வைத்தோம். மாலை 7 முதல் 9 வரை இரண்டு செல்போன்களும் அங்கே சார்ஜில் இருக்கும். அழைப்பு வந்தால் அங்கே போய் நின்றுதான் பேச வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது.

முதல் வாரம் நான் அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அரை மணி நேரம் திரையைப் பார்த்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மகன் வந்து பக்கத்தில் நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் நம் விதிகளைக் கேட்பதில்லை, நாம் விதியோடு என்ன செய்கிறோம் என்று பார்க்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் கால் வலி எனக்கு உதவியது. நின்றுகொண்டு பார்க்க அலுத்துப் போனது. இப்போது அந்த இரண்டு மணி நேரத்தில், நிறுவனத்தில் ஒருபக்கம் அச்சான கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் கையால் எழுதுகிறேன். மகன் எதிரில் அமர்ந்து வீட்டுப்பாடம் முடித்துவிட்டு, மீதித் தாள்களில் கிரிக்கெட் அணிகளின் பட்டியல் எழுதுகிறான். கற்பனையாக அவனே உருவாக்கிய பதினான்கு அணிகள். ஓட்டக் கணக்கு உட்பட.

காஞ்சிபுரத்திலிருந்து ஆரி வேலைப்பாடு (துணியில் ஊசியால் போடும் பூவேலை) செய்யும் ஒரு தாய்:

உங்கள் இருவர் அனுபவமும் எனக்குப் பயன்பட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரை அக்கா வீட்டில் அப்பத்தா இருக்கிறார்; திருப்பூர் அண்ணன் வீட்டில் மனைவி இருக்கிறார். நானும் என் மூன்று வயது மகனும் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் தனியாக இருக்கிறோம். ஜாக்கெட்டுக்கு ஆரி போட்டுக் கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறேன். ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில், டிசைன் வருவது வாட்ஸ்அப்பில், பணம் வருவதும் அதே செல்போனில். முகூர்த்த மாதங்களில் இரவு ஒரு மணி வரை துணி கட்டிய சட்டத்தின் முன் உட்கார்ந்திருப்பேன். ஊசியும் மணியும் சிதறிக் கிடக்கும் இடத்தில் குழந்தை வராமல் இருக்க வேண்டுமானால், அவனை ஓரிடத்தில் உட்கார வைக்கச் செல்போனை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன் பிறகு நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே சொல்லியிருப்பதை நான் அறியாதவள் இல்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் கண் கலங்கியிருக்கிறேன்.

என்னால் எல்லாவற்றையும் நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான், எதை நிறுத்த முடியும் என்று யோசிக்க முடிந்தது. சாப்பாட்டு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பான். என்ன சாப்பிட்டான் என்பதே அவனுக்குத் தெரியாது. செல்போன் இல்லாமல் தட்டை வைத்த முதல் நாள் இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டான். நான்காவது நாள் நான் பயந்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். எடை பார்த்துவிட்டு, பசித்தால் சாப்பிடுவான், பொறுமையாக இருங்கள் என்றார். பதினோராவது நாள் அவனே ரசத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "காரம்" என்று சொன்னான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் முறை. இத்தனை நாளும் அவனுக்குக் காரம் தெரிந்திருக்கும். கவனிக்க நேரம் இருந்ததில்லை.

இப்போது காலையில் அங்கன்வாடிக்குப் போகிறான். நுணுக்கமான வேலை முழுவதையும் அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். மாலையில் காலி நூற்கட்டைகளும் துணி வெட்டுகளும் ஒரு கூடையில் அவனுக்கு உண்டு. இரவு வேலை இருக்கும் நாட்களில் இன்னமும் ஒரு மணி நேரம் செல்போன் கொடுக்கிறேன், குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுக்கிறேன். டிசைன் விஷயத்தில் மதுரை அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன்: வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை ஒரு முறை பார்த்து, டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். இதில் எனக்கே தெரியாத ஒரு பயன் வந்தது. பார்த்து அப்படியே போடாமல் நினைவிலிருந்து போடும்போது, கொடி வளையும் இடத்தில் என் அம்மா போடும் கோலத்தின் வளைவு தானாக வந்து சேர்கிறது. அதைக் கேட்டு இரண்டு பேர் மறுபடி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து, மீண்டும்:

காஞ்சிபுரம் தங்கை சொன்னது நியாயம். அப்பத்தா இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் கணக்கு வேறாகத்தான் இருந்திருக்கும். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என் செல்போன் திரைநேரம் இப்போது நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குக் கீழே இறங்கவில்லை, திரையுள்ள டிஜிட்டல் வரைபலகையில் வண்ணம் தீட்டும் வேலையும் தனியாக இருக்கிறது.

மகளும் அந்த வரைபலகையில் வரைய விரும்பினால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கொடுத்துப் பார்த்தேன். ஒரு யானை வரைய முயன்று, கோடு கோணலாகப் போன ஒவ்வொரு முறையும் அழித்து அழித்து, அரை மணி நேரம் கழித்து வெற்றுத் திரையைக் காட்டி அழுதாள். அடுத்த நாள் அதே யானையைச் சார்ட் அட்டையில் மெழுகு வண்ணத்தால் வரைந்தாள். அழிக்க முடியாது என்பதால், தும்பிக்கை தவறாக இறங்கிய இடத்தில் ஒரு குடம் வைத்து, யானை தண்ணீர் குடிக்கிறது என்றாள். அதனால் ஆறு வயதில் அவளுக்கு இப்போதைக்குத் தாளும் மெழுகு வண்ணமும் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கு இதில் வருத்தம் இருக்கிறது. பத்து வயது ஆகட்டும், அப்போது உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கை அவள் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.