டிஏ பாலிஷர் ஓட்டியும் கருப்பு வண்டியில் கோடு போகவில்லை, ரோட்டரி வாங்கணுமா?

மலைக்கோட்டை:
வணக்கம். 2017 மாடல் கருப்பு செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கினது. பகலில் நிழலில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ராத்திரி பெட்ரோல் பங்க் லைட்டுக்குக் கீழே நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக் கோடு. பழைய ஓனர் இருந்த அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டித் துடைப்பார்களாம்.

ஆன்லைனில் ஒரு டிஏ (டூயல் ஆக்‌ஷன், பேட் அதிர்ந்தபடியே சுழலும்) பாலிஷர் வாங்கினேன். 5 இன்ச் பேட், 8 மில்லிமீட்டர் த்ரோ (பேட் ஆடும் வட்டத்தின் அகலம்), ஸ்பீடு டயல் 1 முதல் 6 வரை. கூடவே மூணு கலரில் ஃபோம் பேட். கருப்பு பேடில் பாலிஷ் வைத்து, 5-ல் போட்டு, நல்லா அழுத்தித் தேய்த்தேன். முடித்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் சில வாஷ் ஆனதும் அதே கோடுகள் திரும்ப வந்துவிட்டன. பின் கதவில் சாவியால் இழுத்த மாதிரி ஒரு நீளக் கீறலும் இருக்கு. அது துளிகூட மங்கவில்லை.

மெஷினில் பவர் போதாதா? ரோட்டரி வாங்கணுமா? பக்கத்தில் ஒரு கடையில் 4 இன்ச் கிரைண்டரில் பேட் மாட்டி அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

டிங்கர்பட்டறை:
தம்பி, கிரைண்டர் பக்கமே போகாதீங்க. அது இரும்பு அறுக்கற மெஷின், நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடும். பாலிஷுக்குன்னு வர்ற, மோட்டாரே பேடைப் பிடிச்சுச் சுத்தற ரோட்டரி 600-ல ஆரம்பிச்சு 3,000 வரைக்கும்தான். பானெட் மடிப்புல கிரைண்டர் ஒரு நொடி நின்னாப் போதும், மேல இருக்கற நிறமில்லாத கிளியர் கோட் போயிடும், கலரும் போயிடும், கீழ இருக்கற ப்ரைமர் வெளிறிப் போய்ப் பல்லை இளிக்கும். அந்த மாதிரி வண்டி எங்ககிட்ட வந்துக்கிட்டேதான் இருக்கு. அதுக்கு அப்புறம் பாலிஷால ஒண்ணும் பண்ண முடியாது, பேனலையே பெயின்ட் அடிக்கணும்.

மைக்ரான்கணக்கு:
மெஷின் மேல் பழி போடும் முன் சிலவற்றைப் பாருங்கள்.

முதலில் கோடு திரும்பி வந்த விஷயம். அது திரும்பி வரவில்லை, போகவே இல்லை. பல பாலிஷ்களில் எண்ணெயும் ஃபில்லரும் இருக்கும். பள்ளத்தை நிரப்பி மறைத்துவிடும், ஷாம்பு பட்டதும் கரைந்து வெளியே வந்துவிடும். அடுத்த முறை ஒரு பகுதியை முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்கும் மேல் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போதுதான் நிஜம் தெரியும்.

இரண்டாவது, பேட். பெரும்பாலான செட்களில் கருப்பு என்பது கடைசி மெருகுக்கான மென்மையான பேட். அதில் கீறல் வெட்டாது. ஆனால் கலரை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விரலால் அமுக்கிப் பாருங்கள், எது விறைப்பாக இருக்கிறதோ அதுதான் வெட்டும் பேட். அதில் காம்பவுண்ட் (கீறலை வெட்டும் சொரசொரப்பான பேஸ்ட்) வைக்க வேண்டும், மெருகு பாலிஷ் அல்ல.

மூன்றாவதுதான் முக்கியம்: ‘நல்லா அழுத்தி’ என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண டிஏ-வில் பேட் தானாகச் சுழல்வதற்கு விடப்பட்டிருக்கும், மோட்டார் அதைப் பிடித்துத் திருப்பாது. அளவுக்கு மேல் அழுத்தினால் சுழற்சி நின்று, பேட் அதே இடத்தில் அதிர மட்டும் செய்யும். பேட் ஒட்டியிருக்கும் பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கதவுக் கீறலைக் குறுக்கே நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் சிக்குகிறதா?

மலைக்கோட்டை:
மார்க்கர் கோடு போட்டுப் பார்த்தேன் சார். நான் அழுத்துகிற அழுத்தத்தில் சுத்தமா நிற்கிறது! மெஷின் எடையோடு லேசா கை வைத்தால் சுற்றுகிறது. பானெட் கோடுகளில் நகம் சிக்கவில்லை. கதவுக் கீறலில் நன்றாகவே சிக்குகிறது, நடுவில் லேசா வெள்ளையாகவும் தெரிகிறது.

வுல்பேட்ராஜா:
இதுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? ரோட்டரி, வுல் பேட், ரப்பிங் காம்பவுண்ட். ஒரு பானெட்டை அரை மணி நேரத்தில் முடிச்சிடலாம். டிஏ எல்லாம் பொழுதுபோக்குக்கு.

டிங்கர்பட்டறை:
நானும் தினம் ரோட்டரிதான் ஓட்டறேன், வேகமா வெட்டும், மறுக்கலை. ஆனா வுல் பேட் போட்ட கருப்பு வண்டியை வெயில்ல நிறுத்திப் பாருங்க. எண்ணெய் மிதக்கற மாதிரி பட்டை பட்டையா ஹாலோகிராம் ஆடும். அதை எடுக்க மறுபடி ஃபோம்ல ஒரு ரவுண்ட் ஓட்டணும். எத்தனை கடையில அந்த ரெண்டாவது ரவுண்ட் ஓட்டறாங்க? பழகாத கைக்கு டிஏ போதும். நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மைக்ரான்கணக்கு:
ராஜா சொல்வதில் வேகம் இருக்கிறது, கணக்கு இல்லை. கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமார் 100 மைக்ரான், கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு ஏ4 தாள் கனம். அதில் ப்ரைமரும் கலரும் போக, மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். கீறலை ‘எடுப்பது’ என்றால், கீறலின் அடிப்பகுதி வரை சுற்றியுள்ள கிளியரைச் சீவிச் சமமாக்குவது. ஒவ்வொரு முறையும் கையிருப்பு குறையும், திரும்ப ஏறாது. வெயிலைத் தாங்குவதும் அந்தக் கிளியர்தான். மெலிந்துபோனால் நம் ஊர் வெயிலில் பிறகு உரிய ஆரம்பிக்கும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால், முடிந்தால் பெயின்ட் கனம் பார்க்கும் கேஜ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கூரையையும் கதவையும் ஒப்பிடுங்கள். ஒரு பேனல் மட்டும் 200, 300 காட்டினால் மறுபடி அடித்த பெயின்ட். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. மற்றவற்றைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும் இடத்தில் ஏற்கெனவே யாரோ நிறையத் தேய்த்திருக்கலாம், அங்கே கை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது.

கதவுக் கீறலை மெஷினால் துரத்தாதீர்கள். நகமும் சிக்கி வெள்ளையும் தெரிகிறது என்றால் அது கிளியரையும் கலரையும் தாண்டி இறங்கியிருக்கலாம். வண்டியின் கலர் நம்பரைப் பார்த்து டச்-அப் பெயின்ட் வாங்கி மெல்லிய பிரஷ்ஷால் கீறலுக்குள் மட்டும் நிரப்புங்கள். கிட்டே போனால் தெரியும், நாலடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே போனாலும் தெரியக் கூடாது என்றால் கதவை முழுதாக அடிப்பதுதான் வழி.

மலைக்கோட்டை:
புரிந்தது. பானெட்டுக்கு முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

மைக்ரான்கணக்கு:
நிழல், ஆறிய பேனல். ஷாம்பு வாஷ், பிறகு கிளே பார் (களிமண் மாதிரி பிசையும் கட்டி) ஓட்டி ஒட்டியிருக்கும் துகளை எடுங்கள். இதைத் தவிர்த்தால் அந்தத் துகளே பேடில் ஏறிப் புதுக் கோடு போடும். மடிப்பு, ஓரம், ரப்பர் பீடிங், வாஷர் நாசில் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப்.

நடுவில் ஒன்றரை அடி சதுரம் மட்டும் எடுங்கள். புது பேட் என்றால் முதலில் காம்பவுண்டை அதன் முகம் முழுக்க லேசாகத் தடவிவிட்டு, பிறகு பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு. 1-ல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். கை மெதுவாக, நொடிக்கு ஓர் அங்குலம் நகர வேண்டும். ஒரு முறை இடவலம், அடுத்த முறை மேல்கீழ், முந்தைய தடத்தில் பாதி மேலே ஏறும்படி. நாலைந்து சுற்றில் நிறுத்துங்கள். பேட் தட்டையாக இருக்கட்டும், சாய்த்தால் சூடு ஒரே புள்ளியில் ஏறும். பேனலில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான். ஆல்கஹாலில் துடைத்து டார்ச் அடியுங்கள். கோடு முக்கால்வாசி போயிருந்தால் அதே பேட், அதே காம்பவுண்டில் மீதிப் பகுதியை முடியுங்கள். போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி விறைப்பான பேட். கடைசியில் உங்கள் கருப்பு பேடில் மெருகு பாலிஷ். அதை அப்போதுதான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஆரஞ்சு, வெள்ளை பேட் இருந்தால் கலர் ஏறுகிறதா என்றும் பாருங்கள். கருப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள், அங்கே கிளியர் இல்லை என்று அர்த்தம்.

மலைக்கோட்டை:
ஆரஞ்சு பேடில் நடுப்பகுதி மட்டும் செய்து பார்த்தேன். ஆல்கஹால் துடைத்த பிறகும் சுத்தமா இருக்கு, டேப் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய வலை அப்படியே தெரிகிறது. நம்பவே முடியலை! பேடில் கலர் ஏறவில்லை. ரெண்டு மூணு ஆழமான கோடு மட்டும் மிச்சம். இன்னொரு ரவுண்ட் அடிக்கவா?

டிங்கர்பட்டறை:
வேண்டாம் தம்பி. அந்த மூணு கோட்டைப் பங்க் லைட்ல குனிஞ்சு பார்க்கப் போறது நீங்க ஒருத்தர்தான். பம்பர்ல போகும்போது ஸ்பீடை ஒரு படி இறக்கிக்கோங்க, பிளாஸ்டிக்குல சூடு சீக்கிரம் இறங்காது, பெயின்ட் இளகிடும். எல்லாம் முடிஞ்சதும் சீலன்ட்டோ வாக்ஸோ ஒரு கை போட்டுடுங்க. அப்புறம் உங்க அபார்ட்மென்ட்ல வண்டி துடைக்கறவருக்கு மாசக் காசைக் குடுத்துட்டு, வண்டியைத் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. தூசி இருந்தா இருக்கட்டும், தண்ணி அடிச்சுட்டுத்தான் துணி படணும்.